தொற்று உள்ள இடத்தில் மட்டும் திறக்கும் மருந்து: நானோ தாங்கிகளால் எது முடியும், எது முடியாது?

2021 மே மாதத்தில், கரோனா இரண்டாம் அலையை ஒட்டிக் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, நோயாளிகளின் குடும்பத்தினர் ஒரு மருந்தைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். அதன் பெயர் லிபோசோமல் ஆம்போடெரிசின் பி. ஆம்போடெரிசின் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள பூஞ்சைக்கொல்லி. அதன் சாதாரண வடிவம் விலையும் குறைவு. இருந்தும் மருத்துவர்கள் முடிந்தவரை 'லிபோசோமல்' வகையையே எழுதிக்கொடுத்தார்கள். இரண்டிலும் மருந்து ஒன்றுதான். சாதாரண வடிவம் சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கும். மிக நுண்ணிய கொழுப்பு உருண்டைகளில் பொதிந்து கொடுத்தால் அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது.

அந்தக் கொழுப்பு உருண்டை ஒரு நானோ தாங்கி. பூஞ்சைக்குப் பயன்பட்ட இதே வழியைப் பாக்டீரியாத் தொற்றுகளுக்கும் கொண்டுவர உலகெங்கும் முயற்சி நடக்கிறது. அடுத்த படியாக, கிருமி இருக்கும் இடத்தை உணர்ந்து அங்கே மட்டும் மருந்தை வெளிவிடும் தாங்கிகளை ஆய்வகங்கள் உருவாக்குகின்றன. 'எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை அழிக்கும் நானோ மருந்து' என்று இது செய்தியாகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. மருந்து எட்டாத இடத்துக்கு மருந்தைக் கொண்டுசேர்க்கத் தாங்கியால் முடியும். கிருமி உடைத்தெறியும் மருந்தை மீண்டும் வேலை செய்ய வைப்பது வேறு காரியம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான செய்திகள் தெளிவாகிவிடும்.

அடிப்படை: நல்ல மருந்து ஏன் தோற்கிறது?

ஆன்டிபயாட்டிக்கை மாத்திரையாக விழுங்கினாலும் ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் அது இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுகிறது. கடைமடையில் ஒரு வயல் வாடுகிறது என்பதற்காக ஏரியின் எல்லா மதகுகளையும் திறந்துவிடுவது போன்ற ஏற்பாடு இது. அமிகாசின், ஜென்டாமைசின் போன்றவை அளவு கூடினால் சிறுநீரகத்தையும் உட்செவியையும் தாக்கும். வேறு பல ஆன்டிபயாட்டிக்குகள் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கின்றன. அந்த இடைவெளியில் தீய கிருமிகள் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவதும் உண்டு. ஆகவே மருந்து போதவில்லை என்று தெரிந்தாலும் மருத்துவரால் அளவை விரும்பியபடி கூட்ட முடியாது.

சிகிச்சை தோற்பதற்கான காரணங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

1. கிருமி மாறிவிட்டது. அதன் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தாலோ, வேறொரு பாக்டீரியாவிடமிருந்து வாங்கிக்கொண்ட மரபணுவாலோ மருந்தை அது முறியடிக்கிறது. என்டிஎம்-1 இதற்கு நன்கு அறிந்த உதாரணம். கடைசிக் கட்டத்தில் கையாளப்படும் கார்பபெனம் மருந்துகளையே சிதைக்கும் நொதி அது. லான்செட் குழுமத்தின் இதழில் 2010இல் வெளியான ஆய்வு, சென்னையிலும் ஹரியானாவிலும் சேகரித்த கிருமிகளில் இது இருப்பதைக் காட்டிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

2. மருந்து போய்ச் சேரவில்லை. கிருமி இந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றுதான் ஆய்வக அறிக்கை சொல்கிறது. சோதனைத் தட்டில் அது செத்தும் போகிறது. ஆனால் நோயாளியின் புண் ஆறவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. ஆய்வகத் தட்டில் கிருமி மருந்துக்கு நேராக நிற்கிறது. உடலுக்குள் அது மறைவிடங்களில் இருக்கிறது.

மருந்து எதிர்ப்புக் கொண்ட பாக்டீரியாக்களே நேரடிக் காரணமான இறப்புகள் 2021இல் உலக அளவில் சுமார் 11.4 லட்சம் என்று லான்செட் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. 2025 முதல் 2050 வரை 3.9 கோடிப் பேர் இறக்கக்கூடும் என்பது அதன் கணிப்பு. இது முதல் வகைத் தோல்வியின் கணக்கு. ஆனால் இரண்டாம் வகை முதல் வகைக்குத் தீனி போடுகிறது. மறைவிடத்தில் உள்ள கிருமி, தன்னைக் கொல்லப் போதாத சிறு அளவு மருந்தோடு வாரக்கணக்கில் வாழப் பழகுகிறது. எதிர்ப்பு உருவாக இதைவிட ஏற்ற சூழல் இல்லை. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே குறைந்த அளவு மருந்தின் ஆபத்தை எச்சரித்திருக்கிறார்.

நானோ தாங்கிகளின் உண்மையான களம் இந்த இரண்டாம் வகைதான்.

கிருமிகள் பதுங்கும் இடங்கள்

முதல் மறைவிடம் உயிர்ப்படலம். பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டிஎன்ஏ ஆகியவற்றால் ஆன பிசினைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. பல் துலக்காவிட்டால் பல்லில் படியும் வழுவழுப்பான படிவு ஓர் உயிர்ப்படலம். சிறுநீர்க் குழாய், செயற்கை மூட்டு, நாள்பட்ட நீரிழிவுப் புண், சளி தேங்கிய நுரையீரல் எங்கும் இது உருவாகும். படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியா, தனியே மிதக்கும் அதே பாக்டீரியாவைவிட 10 முதல் 1,000 மடங்கு வரை மருந்தைத் தாங்கும்.

இதற்குப் பிசின் ஒரு தடைச்சுவராக நிற்பது மட்டும் காரணமில்லை. அமிகாசின், டோப்ராமைசின் போன்ற மருந்துகள் நேர்மின்னேற்றம் கொண்டவை. பிசின் எதிர்மின்னேற்றம் கொண்டது. மருந்து உள்ளே நுழையும் முன்பே பிசினில் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. படலத்தின் அடியில் ஆக்சிஜனும் உணவும் குறைவு. அங்குள்ள பாக்டீரியாக்கள் வளர்ச்சியை நிறுத்தி உறங்குவதுபோல் கிடக்கின்றன. பெனிசிலின் வகை மருந்துகள் வளரும் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டுமானத்தைக் குலைப்பவை. வளராத பாக்டீரியாவிடம் அவற்றுக்குக் குலைக்க எதுவும் இல்லை.

இரண்டாவது மறைவிடம் இன்னும் வியப்பானது: நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களின் உட்புறம். காசநோய்க் கிருமி, டைஃபாய்டை உண்டாக்கும் சால்மொனெல்லா, ஓரளவுக்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஆகியவை பெருவிழுங்கிச் செல்களால் விழுங்கப்பட்ட பிறகும் சாகாமல் அவற்றுக்குள்ளேயே குடியேறுகின்றன. ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே செல்வது மிகக் குறைவு. வெளியே மருந்து நிறைந்திருந்தாலும் உள்ளே இருக்கும் கிருமிக்கு ஆபத்தில்லை.

நானோ தாங்கி என்பது என்ன?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பாக்டீரியா ஏறத்தாழ 1,000 நானோமீட்டர் நீளம். மருந்துத் தாங்கிகள் பெரும்பாலும் 20 முதல் 200 நானோமீட்டருக்குள் அமையும். நுரையீரலுக்குள் இழுக்கப்படுபவை சற்றுப் பெரிதாக இருக்கலாம்.

இந்த அளவைத் தீர்மானிப்பது உடலின் அமைப்பு. சுமார் 6 நானோமீட்டருக்குக் குறைவான துகளைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். 200 நானோமீட்டரைத் தாண்டினால் மண்ணீரல் பிடித்துக்கொள்ளும். இடைப்பட்ட அளவில் இருந்தால் இரத்தத்தில் சிறிது நேரம் சுற்றலாம். தொற்று உள்ள இடத்தில் வீக்கத்தால் இரத்தக் குழாய்ச் சுவரில் இடைவெளிகள் விரியும். அவற்றின் வழியே துகள் கசிந்து திசுவுக்குள் இறங்கும்.

வகைகள் பல. கொழுப்பு இரட்டைச் சவ்வால் ஆன லிபோசோம்தான் மூத்தது; 1960களில் இங்கிலாந்தின் பாப்ரஹாமில் அலெக் பாங்கம் இதை விவரித்தார். உடலில் தானாகக் கரையும் பாலிமர் துகள்கள், துளைகள் கொண்ட சிலிக்கா, தங்கத் துகள், திட கொழுப்புத் துகள் ஆகியவை பின்னால் வந்தவை.

ஒரு தவறான எண்ணம் இங்கே பரவலாக உள்ளது. தாங்கி பாக்டீரியாவுக்குள் புகுந்து வெடிப்பதுபோல் படங்களில் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பாக்டீரியாவின் புறச்சுவர்த் துளைகள் தாங்கியோடு ஒப்பிட்டால் மிக மிகச் சிறியவை. தாங்கி பாக்டீரியாவின் அருகில் வந்து, மருந்தை அங்கே நெருக்கமாக விடுகிறது. அதன் பிறகு மருந்து மூலக்கூறு தன் வழக்கமான வழியில்தான் உள்ளே போக வேண்டும்.

எந்த அடையாளத்தைக் கண்டு திறக்கிறது?

சாதாரணத் தாங்கி மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். தூண்டலுக்கு வினைபுரியும் தாங்கி, ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைச் சந்திக்கும்வரை மூடியே இருக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. இதில் மாயம் ஏதுமில்லை. தாங்கிக்கு அறிவும் இல்லை. குறிப்பிட்ட சூழலில் உடையும் ஒரு வேதிப் பிணைப்பு, மின்னேற்றம் மாறும் ஒரு மூலக்கூறு, துளை விழும் ஒரு சவ்வு: இவ்வளவுதான்.

1. அமிலத்தன்மை. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவு இரத்தத்தில் 7.4; அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும். உயிர்ப்படலத்தின் அடியிலும் சீழ்க்கட்டியிலும் ஆக்சிஜன் இல்லாத வளர்சிதை மாற்றத்தால் அமிலம் சேர்ந்து இது குறைகிறது. பெருவிழுங்கிச் செல் கிருமியைச் செரிக்க வைத்திருக்கும் பையில் 4.5 முதல் 5 வரை இறங்கும். அமினோ அமிலங்களில் ஒன்றான ஹிஸ்டிடின், பிஹெச் 6 அருகே நேர்மின்னேற்றம் பெறும். எம்ஐடி, ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2012இல் இதைப் பயன்படுத்தி வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சுமக்கும் துகளை உருவாக்கினார்கள். இரத்தத்தின் பிஹெச் அளவில் அது எதிலும் ஒட்டாமல் நழுவும்; அமிலச் சூழலில் மின்னேற்றம் மாறி, எதிர்மின்னேற்றம் கொண்ட பாக்டீரியாச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே கோட்பாட்டைப் பற்படிவில் எலிகளிடம் சோதித்தார்கள். பல்லில் ஒட்டிய துகள் அமிலம் கூடும்போது மருந்தை வேகமாக விட்டது, சொத்தையும் குறைந்தது. அமிலத்தை உணரும் தாங்கி மனித உடலில் வேலை செய்யும் என்பதற்கு வேறு துறையில் சான்று இருக்கிறது. ஃபைசர், மாடர்னா நிறுவனங்களின் கரோனா தடுப்பூசிகளில் எம்ஆர்என்ஏவைச் சுமந்த கொழுப்புத் துகள்கள், செல்லுக்குள் உள்ள அமிலப் பையில் மின்னேற்றம் பெற்றுத்தான் சரக்கை வெளியே விட்டன.

2. கிருமியின் நொதிகள். பாக்டீரியாக்கள் திசுவைக் கரைக்கவும் உணவு தேடவும் பல நொதிகளைச் சுரக்கின்றன. அந்த நொதி வெட்டக்கூடிய பிணைப்பால் தாங்கியைத் தைத்துவிட்டால், கிருமியே தாங்கியைத் திறக்கும். பெனிசிலினை உடைக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதியையே சாவியாக்கும் பாலிமர்த் தாங்கிகளையும் வேதியியல் ஆய்வகங்கள் செய்து காட்டியிருக்கின்றன. உள்ளே வைப்பது அந்த நொதிக்கு அடங்காத வேறு மருந்து.

3. கிருமியின் நஞ்சு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், செல் சவ்வில் துளையிடும் ஆல்ஃபா நஞ்சைச் சுரக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், தங்கத் துகள் ஒட்டிய லிபோசோமில் வான்கோமைசினை அடைத்து, இந்த நஞ்சே தாங்கியைத் திறக்கும் என்று 2011இல் நிரூபித்தார்கள். நஞ்சு லிபோசோமின் சவ்வைச் செல் சவ்வு என்று எண்ணித் துளையிடுகிறது; அந்தத் துளை வழியே வெளிவரும் மருந்து நஞ்சைச் சுரந்த கிருமியைக் கொல்கிறது. நஞ்சு சுரக்காத பாக்டீரியாக்கள் அருகில் இருந்தால் மருந்து உள்ளேயே நிற்கும். இந்தத் துறையில் வந்த வடிவமைப்புகளில் மிக அழகானது இதுதான் என்பேன்.

4. வெளியிலிருந்து தரும் தூண்டல். ஒளி, வெப்பம், மீயொலி, காந்தப்புலம். தோல் புண்ணுக்கும் செயற்கை மூட்டுக்கும் பொருந்தலாம். தொற்று எங்கே இருக்கிறது என்று முன்பே துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் எல்லை.

மனிதரில் இதுவரை கண்டது

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ஆய்வகக் குடுவையிலும் எலியிலும் நின்றவை. மனிதரிடம் வந்தவை சில. அவை கற்பிக்கும் பாடம் தெளிவானது.

நானோ தாங்கி ஊசியாக இரத்தத்தில் இறங்கியதும், அதன் மேல் இரத்தப் புரதங்கள் படிகின்றன. அதை அன்னியப் பொருளாகக் கண்டு பெருவிழுங்கிச் செல்கள் விழுங்குகின்றன. பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் முடிகிறது. புற்றுநோய் ஆய்வில் இது பெரும் தலைவலி: டொரான்டோ பல்கலைக்கழகத்தினர் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, செலுத்திய நானோ துகள்களில் புற்றுக்கட்டியை எட்டியது இடைநிலை அளவாக 0.7 சதவீதம்தான்.

ஆனால் நோய்க்கிருமியே கல்லீரல், மண்ணீரல் பெருவிழுங்கிகளுக்குள் வாழ்ந்தால்? காலா அசார் அப்படிப்பட்ட நோய். அதன் காரணி ஓர் ஒட்டுண்ணி, பாக்டீரியா அல்ல. ஆனாலும் பாடம் பொருந்தும். பிகாரின் முசாஃபர்பூரில் நடந்து 2010இல் வெளியான சோதனையில், பழைய முறைப்படி 29 நாட்கள் மருத்துவமனையில் தங்கி 15 முறை சாதாரண ஆம்போடெரிசின் ஏற்றிக்கொண்டவர்களில் 96.3 சதவீதம் பேர் குணமானார்கள். லிபோசோமல் வகையை ஒரே ஒரு முறை ஏற்றிக்கொண்டவர்களில் 95.7 சதவீதம். ஒரு மாத மருத்துவமனை வாசம் ஒரே நாள் சிகிச்சையாகச் சுருங்கியது. கூலி வேலையை நம்பி வாழும் குடும்பங்களைத் தாக்கும் நோய் இது என்பதை நினைத்தால், ஒரு தாங்கியின் மதிப்பு விளங்கும். இத்தனைக்கும் இந்த லிபோசோமில் தூண்டலுக்குத் திறக்கும் நுட்பம் எதுவும் சேர்க்கப்படவில்லை. துகள் இயல்பாக எங்கே போகிறதோ அங்கேயே நோயும் இருந்தது.

ஆன்டிபயாட்டிக்கில் இதற்கு இணையான உதாரணம், அமெரிக்கா 2018 செப்டம்பரில் அனுமதித்த அரிகேஸ். அமிகாசினை லிபோசோமில் அடைத்து, நெபுலைசர் மூலம் நுரையீரலுக்குள் இழுக்கும் மருந்து. காசநோய்க் கிருமியின் உறவினமான மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகைத் தொற்று, ஆறு மாத வழக்கமான சிகிச்சைக்கும் அடங்காதபோது இது தரப்படுகிறது. இந்தக் கிருமி நுரையீரலின் பெருவிழுங்கிகளுக்குள் வாழ்வது; பெருவிழுங்கிகள் லிபோசோமை விரும்பி விழுங்கும். வழக்கமான மருந்துகளை மட்டும் எடுத்தவர்களில் 8.9 சதவீதம் பேரின் சளியிலும், கூடவே அரிகேஸ் எடுத்தவர்களில் 29 சதவீதம் பேரின் சளியிலும் ஆறாவது மாதத்துக்குள் கிருமி மறைந்தது. மும்மடங்கு என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் பத்தில் ஏழு பேருக்குக் கிருமி போகவில்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. குரல் கம்முதல், இருமல், மூச்சுத்திணறல் போன்ற தொல்லைகள் 87 சதவீதம் பேரிடம் காணப்பட்டன. அரிகேஸ் எடுக்காத தரப்பில் அது 50 சதவீதம். மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையும் இடம்பெறுகிறது.

இந்த லிபோசோமைப் பற்றிய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. நுரையீரலில் உயிர்ப்படலம் அமைக்கும் சூடோமோனாஸ், ராம்னோலிப்பிட் என்ற சோப்புத் தன்மை கொண்ட பொருளைச் சுரக்கிறது. அது இந்த லிபோசோமின் சவ்வைக் கலைத்து மருந்தை வெளியேற்றுவதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். கிருமியின் சுரப்பே தூண்டலாக அமைந்தது.

அடுத்தது ஒரு தோல்வி. சிப்ரோஃப்ளாக்சசினை லிபோசோமில் அடைத்து, மூச்சுக்குழாய் விரிவு நோயாளிகளின் சூடோமோனாஸ் தொற்றுக்காகத் தயாரித்த மருந்தும் மூச்சில் இழுப்பதுதான். ஒரே மாதிரியான இரு பெரும் சோதனைகளில் ஒன்று வென்றது, மற்றது தேறவில்லை. 2018 ஜனவரியில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. தயாரித்த நிறுவனம் மறு ஆண்டே திவாலானது. மருந்தும் தாங்கியும் நியாயமானவை, நோய் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

நானோ துகளாக இல்லாமல் அதே தர்க்கத்தில் உருவானது ஜெனென்டெக் நிறுவனத்தின் முயற்சி. ஸ்டெஃபிலோகாக்கஸின் சுவரைப் பற்றும் எதிர்ப்புரதத்தோடு (ஆன்டிபாடி) ரிஃபாமைசின் வகை மருந்து ஒன்றைப் பிணைத்தார்கள். வெள்ளணு கிருமியை விழுங்கும்போது மருந்தும் கூடவே உள்ளே போகும். அங்குள்ள நொதி பிணைப்பை வெட்டியதும் மருந்து விழித்துக்கொள்ளும். 2015இல் நேச்சர் இதழில் வெளியான எலிச் சோதனைகளில் இது வான்கோமைசினை விஞ்சியது. மனிதரில் முதற்கட்டச் சோதனைகளும் நடந்தன. மருந்துக் கடைக்கு அது வரவில்லை.

எங்கே சிக்கல்?

முதல் சிக்கல் வேதியியலுக்குள்ளேயே இருக்கிறது. அமிலத்தில் திறக்கும் தாங்கியில் ஜென்டாமைசினையோ அமிகாசினையோ வைப்பதாகக் கொள்வோம். இந்த மருந்துகள் அமிலச் சூழலில் வீரியம் இழப்பவை. ஆக்சிஜன் குறைந்த பாக்டீரியாவுக்குள் அவை நுழைவதே கடினம். அதாவது தாங்கி சரியான இடத்தில் திறக்கிறது, மருந்து அதே இடத்தில் சோர்ந்துபோகிறது. தூண்டலைத் தேர்ந்தெடுத்த பின் அந்தச் சூழலில் எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்க்காத ஆய்வுகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயன் தராது.

இரண்டாவது, கசிவு. நன்றாக மூடாத தாங்கி, உடலெங்கும் மருந்தைத் துளித்துளியாக நாட்கணக்கில் விட்டுக்கொண்டிருக்கும். கிருமியைக் கொல்லாமல் பழக்கப்படுத்தும் அளவு அது. எதிர்ப்பைத் தடுக்கக் கிளம்பிய மருந்து எதிர்ப்பை வளர்க்கும் ஆபத்து இதில் மறைந்திருக்கிறது. எத்தனை நாட்களில் எவ்வளவு வெளியாகிறது என்ற வரைபடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மரபணுவில் உள்ள எதிர்ப்பு. ஒரு கிருமியைக் கொல்ல 2 அலகு மருந்து போதுமாயிருந்து, இப்போது 16 அலகு தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்று உள்ள இடத்தில் மட்டும் மருந்தைக் குவித்து 16ஐ எட்டத் தாங்கியால் முடியக்கூடும். இரத்தத்தில் அந்த அளவு ஏறியிருந்தால் சிறுநீரகம் தாங்காது. ஆனால் தேவை 256 அலகாகிவிட்டால், அல்லது என்டிஎம்-1 போன்ற நொதி மருந்தை வந்த வேகத்தில் சிதைத்தால், வெறும் தாங்கி கைகொடுக்காது. மருந்தையும் நொதித் தடுப்பானையும் ஒரே துகளில் வைத்து ஒரே நேரத்தில் விடுவது அப்போது உதவலாம். இரத்தத்தில் தனித்தனி வேகத்தில் வெளியேறும் இரு மருந்துகளை ஒரே இடத்தில் சேர்த்து நிறுத்துவது, தாங்கியால் மட்டுமே ஆகக்கூடிய காரியம்.

நான்காவது, உற்பத்தி. எலிக்குப் போதுமான சில மில்லிலிட்டர் செய்வது எளிது. ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரே அளவுத் துகள், ஒரே அளவு மருந்து, கிருமியற்ற நிலை, அலமாரியில் மாதக்கணக்கில் சிதையாமை எல்லாம் வேண்டும். வடிவமைப்பில் ஒரு பகுதியைக் கூட்டினால் சோதிக்க வேண்டியவையும் கூடும். தங்கம், எதிர்ப்புரதம், அமிலப் பிணைப்பு மூன்றையும் சேர்த்த துகள் ஆய்வுக்கட்டுரையில் கம்பீரமாகத் தெரியும்; ஆலையில் அதைச் செய்ய ஆள் கிடைப்பது அரிது. நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டு நெறிகளை இந்தியா 2019இல் வெளியிட்டது. தயாரிப்பாளர் எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும் என்பதை அது விரிவாகக் கேட்கிறது. 2021 தட்டுப்பாட்டின்போது பூஞ்சை மருந்தின் உற்பத்தியை ஒரே வாரத்தில் பெருக்க முடியாததற்கும் இந்தச் சிக்கலான தயாரிப்பு ஒரு காரணம்.

பணமும் ஒரு தடை. புதிய ஆன்டிபயாட்டிக்கைக் கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைக்க வேண்டும்; அதனால் விற்பனை குறைவு. பிளாசோமைசினுக்கு 2018இல் அனுமதி பெற்ற அக்கவோஜென் நிறுவனம் 2019 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. மருந்து மட்டும் செய்த நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், மருந்தோடு தாங்கியையும் செய்பவருக்கு அரசு உதவியின்றி வழியில்லை என்பது என் கருத்து.

செய்தியில் எதைத் தேட வேண்டும்?

அடுத்த முறை இப்படியொரு செய்தியைப் படிக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. சோதனை எதில் நடந்தது? குடுவையிலா, எலியிலா, மனிதரிலா? எலி என்றால், தொற்று உண்டான சில மணி நேரத்தில் மருந்து கொடுத்தார்களா, உயிர்ப்படலம் முதிர்ந்த பிறகா? முன்னது நாள்பட்ட நோயாளிக்குப் பொருந்தாது.

2. எதோடு ஒப்பிட்டார்கள்? மருந்தே கொடுக்காத எலியோடு ஒப்பிட்டால் எந்தத் தாங்கியும் வெல்லும். அதே மருந்தை அதே அளவில் தாங்கியின்றிக் கொடுத்த குழுவும், மருந்தில்லாத வெறும் தாங்கியைக் கொடுத்த குழுவும் இருந்தனவா?

3. கிருமி மருந்து எதிர்ப்புக் கொண்டதா, மறைந்திருப்பதா? கட்டுரை உயிர்ப்படலத்தைப் பற்றியதாக இருக்க, தலைப்பில் மட்டும் 'மருந்துக்கு அடங்காத கிருமி' என்று வருவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

4. எந்த வழியாக உடலுக்குள் போகிறது? நேராகத் தொற்று உள்ள இடத்தைத் தொடக்கூடிய வழிகளில், அதாவது மூச்சு, தோல் புண், பல், கண், அறுவை செய்த மூட்டு ஆகியவற்றில், கல்லீரல் குறுக்கிடுவதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பலன் வருமானால் இங்கிருந்துதான் முதலில் வரும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் நீரிழிவுக் கால்புண்ணால் விரலையும் காலையும் இழப்பவர்களை நினைக்கும்போது, புண்ணின் மேலேயே தடவும் தாங்கிகளுக்கு இன்னும் அதிக ஆய்வுக் கவனம் வேண்டும்.

5. கிருமியை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டுமா? ஒரு குறிப்பிட்ட நஞ்சுக்கோ சுவருக்கோ திறக்கும் தாங்கி, நோயாளியிடம் இருப்பது அந்தக் கிருமிதான் என்று தெரிந்த பிறகே பயன்படும். இரத்தத்தில் கிருமியை வளர்த்து அடையாளம் காண இன்று ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகின்றன. இரத்தத் தொற்றோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அமிலத்தைக் கண்டு திறக்கும் தாங்கிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் துல்லியம் குறைவு. விரைவான கண்டறிதல் சோதனைகள் மாவட்ட மருத்துவமனைகள்வரை வந்து சேர்ந்தால்தான் குறிப்பிட்ட கிருமிக்கு மட்டும் திறக்கும் தாங்கிகளுக்கு அங்கே வேலை இருக்கும்.